வீட்டுத் தோட்டத்துக் குளம்: ரெடிமேட் தொட்டியா, ரப்பர் விரிப்பா, சிமென்ட் கட்டுமானமா?

தோட்டத்தில் ஒரு சிறு குளம் வெட்டலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள். கையில் மூன்று மதிப்பீடுகள் இருக்கும். தொட்டி விற்பவர் தொட்டியின் விலையை மட்டும் சொல்லியிருப்பார். குழிக்குள் விரித்துத் தண்ணீரை மண்ணில் இறங்காமல் தடுக்கும் விரிப்பை விற்பவர் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்றிருப்பார். கொத்தனார் பொருள், கூலி எல்லாம் சேர்த்து ஒரு மொத்தத் தொகையைச் சொல்லியிருப்பார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தெரியும். ஆனால் அந்த மூன்று எண்களும் ஒரே பொருளின் விலை அல்ல.

விலை இடத்துக்கு இடம் மாறும், அளவு மாறாது. அதனால் இங்கே ஒரு மாதிரிக் குளத்தை எடுத்துக்கொண்டு அளவுகளைக் கணக்கிடுவோம். உங்கள் ஊர் விலையை அந்த அளவுகளோடு நீங்கள் பெருக்கிக்கொள்ளலாம். மாதிரிக் குளம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழம். சரிவான கரையும் செடி வைக்கும் படியும் உள்ள குளமாக இருந்தால் சுமார் 2,600 லிட்டர் பிடிக்கும். செங்குத்துச் சுவர் உள்ள தொட்டியாகக் கட்டினால் 3,600 லிட்டர்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் அளவுகோல் மொத்தச் செலவு. தண்ணீர் நிற்கும் பொருளின் விலை அதில் ஒரு பகுதிதான். இரண்டாவது, வேலையை யார் செய்வது: நீங்களும் இன்னொருவரும் ஒரு விடுமுறையில் முடிக்க முடியுமா, ஆள் வைத்தே தீர வேண்டுமா? மூன்றாவது, கசிந்தால் என்ன ஆகும்? எந்தக் குளமும் ஒரு நாள் கசியலாம், அன்றைக்கு ஆகும் செலவு முறைக்கு முறை பெரிதும் வேறுபடும். நான்காவது, மனம் மாறினால் குளத்தைப் பெரிதாக்கவோ அகற்றவோ முடியுமா? ஐந்தாவது, உங்கள் மண்ணும் நிலத்தடி நீர்மட்டமும். இந்த ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் மற்ற நான்கையும் தலைகீழாக்கக் கூடியது அதுதான்.

## எந்த முறையானாலும் வரும் செலவு

மூன்று முறைகளுக்கும் பொதுவான செலவை முதலில் தனியே எழுதிவிடுங்கள். பல நேரங்களில் விரிப்பை விடவும் தொட்டியை விடவும் இதுதான் பெரிய தொகை.

மண். 2.6 கன மீட்டர் குழி வெட்டினால் வெளியே வரும் மண் 2.6 கன மீட்டராக இருக்காது. தோண்டிய மண் 20 முதல் 30 விழுக்காடு வரை உப்பும். அதாவது சுமார் 3.3 கன மீட்டர், எடையில் 4 டன்னுக்கு மேல். 60 லிட்டர் கொள்ளும் தள்ளுவண்டியில் 55 நடை. இந்த மண்ணைத் தோட்டத்திலேயே ஒரு மேடாகவோ பாத்தியாகவோ பயன்படுத்த முடிந்தால் செலவில்லை. வெளியே அனுப்ப வேண்டுமென்றால் வண்டிக் கூலி தனி. சாதாரண மண்ணில் பழகிய ஒரு ஆள் ஒரு நாளில் 2 முதல் 3 கன மீட்டர் வெட்டுவார். பாறை தட்டுப்பட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால் விலை பேசுவதற்கு முன்பே இரண்டு மூன்று இடங்களில் கடப்பாரையால் 70 செ.மீ. வரை குத்திப் பாருங்கள். அதற்கும் முன்பு, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கேபிள் எங்கே போகின்றன என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கரைக் கல். மாதிரிக் குளத்தின் சுற்றளவு 10 மீட்டர். 30 செ.மீ. அகலக் கல் பதித்தால் 3 சதுர மீட்டர், 5 செ.மீ. கனத்தில் ஏறக்குறைய 400 கிலோ. மதிப்பீட்டில் அடிக்கடி விடுபட்டுப்போகும் வரி இது. சுண்ணாம்புக் கல் தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும் என்பதால் தண்ணீரைத் தொடும் இடத்தில் அதைத் தவிர்க்கலாம்.

பம்ப். சாதாரண அலங்காரக் குளத்தில் மொத்தத் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றினால் போதும். 2,600 லிட்டருக்கு மணிக்கு 1,300 லிட்டர். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண், தண்ணீரை உயரம் ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. ஏற்றும் உயரம் கூடக் கூட அது குறைந்துகொண்டே வந்து, பம்பின் உச்ச உயரத்தில் பூஜ்யமாகிவிடும். பம்போடு வரும் வரைபடத்தில் உங்கள் உயரத்துக்கு நேராக உள்ள எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

பட்ஜெட்டை உண்மையில் உடைப்பது அருவி. தகடுபோல் அகலமாகத் தண்ணீர் விழ, ஒவ்வொரு செ.மீ. அகலத்துக்கும் மணிக்கு 100 முதல் 150 லிட்டர் தேவை. 30 செ.மீ. அகல அருவிக்கு 3,000 முதல் 4,500 லிட்டர், அதாவது குளத்தின் தேவையைப்போல் இரண்டு முதல் மூன்றரை மடங்கு. மின்சாரமும் அதற்கேற்ப ஏறும். 25 வாட் பம்ப் ஆண்டு முழுவதும் ஓடினால் 219 யூனிட், 80 வாட் பம்ப் என்றால் 701 யூனிட். தண்ணீர் விழும் சத்தம் போதும் என்பவர்கள் அருவி வாயை 10 செ.மீ. ஆக்கிக்கொண்டால் கிட்டத்தட்ட அதே சுகம் மூன்றில் ஒரு பங்கு ஓட்டத்தில் கிடைத்துவிடும்.

மின்இணைப்பு. குளம் வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பள்ளம், அவ்வளவு கேபிள். மழை புகாத பெட்டியும், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பை உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம். தண்ணீருக்குள் மின்சாரம் போகிறது. இதில் பணம் மிச்சப்படுத்தக் கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளரின் கூலியையும் சேர்த்தே எழுதுங்கள்.

தண்ணீர். வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியானால் 6 சதுர மீட்டர் பரப்பில் 30 லிட்டர் போகும். அருவி இருந்தால் இன்னும் கூடும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஓரிரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமைன் அப்படிப் போகாது, அதை முறிக்கும் மருந்து வேண்டும்.

பாதுகாப்பு. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கம்பி வலையோ வேலியோ செலவுப் பட்டியலில் இருக்க வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீர்கூடக் குழந்தைக்கு ஆபத்துதான்.

இவற்றின் கூட்டுத்தொகையோடு 15 விழுக்காடு எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, பிறகு கீழே உள்ள மூன்றில் ஒன்றைச் சேருங்கள்.

## ரெடிமேட் தொட்டி

கெட்டிப் பிளாஸ்டிக் அல்லது ஃபைபரில் வார்த்து வரும் தொட்டி. விலை வெளிப்படையானது, வாங்கும்போதே முழுத் தொகையும் தெரிந்துவிடும். குறை அளவில்தான். பரவலாகக் கிடைப்பவை சில நூறு லிட்டரிலிருந்து ஆயிரம் லிட்டர் வரை. நம் மாதிரிக் குளத்தின் அளவுக்கு ஒரே தொட்டி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் ஏற்றி இறக்கும் கூலியே விலையை எட்டிவிடும். வாங்கும் முன் வாசல் கதவின் அகலத்தையும் தோட்டத்துக்குப் போகும் சந்தின் அகலத்தையும் அளந்துவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு மணல். தொட்டியின் வடிவத்துக்கே குழி வெட்ட முடியாது. சுற்றிலும் 10 முதல் 15 செ.மீ. கூடுதலாக வெட்டி அந்த இடைவெளியை மணலால் நிரப்ப வேண்டும். இந்த வேலையில்தான் தொட்டிகள் வீணாகின்றன. மணலை மொத்தமாகக் கொட்டினால் காலித் தொட்டியின் பக்கங்கள் உள்ளே வளையும். தண்ணீரை மட்டும் நிரப்பினால் வெளியே பிதுங்கும். 10 செ.மீ. தண்ணீர், 10 செ.மீ. மணல், மணலை ஈரப்படுத்திக் குத்திவிடுவது, மறுபடி 10 செ.மீ. தண்ணீர் என்று மாறி மாறிப் போக வேண்டும். படிகளின் அடியில் வெற்றிடம் விட்டுவிட்டால் செடித் தொட்டியின் பாரம் தாங்காமல் அந்த இடம் விரிசல் விடும். ரசமட்டத்தை நேரான ஒரு பலகையின் மேல் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். 2 செ.மீ. சாய்ந்திருந்தாலும் நிறைந்த தண்ணீர் அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும்.

நிலத்தடி நீர் உயர்ந்த இடத்தில், சுத்தம் செய்யத் தண்ணீரை இறைத்த அன்றே காலித் தொட்டி படகுபோல் மேலே எழும்பலாம். விரிசல் விட்டால் ஃபைபரை அதே பிசினும் இழைத்துணியும் கொண்டு ஒட்டலாம். பாலிஎத்திலீன் தொட்டியில் பசை பிடிக்காது, சூடாக்கி உருக்கித்தான் ஒட்ட வேண்டும்.

## விரிப்பு

இங்கே செலவைத் தீர்மானிப்பது ஒரு எளிய சூத்திரம்: நீளம் + ஆழத்தின் இரு மடங்கு + 60 செ.மீ.; அகலத்துக்கும் அப்படியே. அந்த 60 செ.மீ. இரு கரையிலும் 30 செ.மீ. மடித்துவிட. நம் குளத்துக்கு 3 + 1.2 + 0.6 = 4.8 மீட்டர், 2 + 1.2 + 0.6 = 3.8 மீட்டர். ஆக 18.24 சதுர மீட்டர். தண்ணீர்ப் பரப்பு 6 சதுர மீட்டர்தானே என்று மனக்கணக்குப் போட்டவர்களுக்கு முதல் அதிர்ச்சி இதுதான். மூன்று மடங்கு!

ஆழத்தை 60-இலிருந்து 90 செ.மீ. ஆக்கினால் விரிப்பு 5.4 × 4.4, அதாவது 23.76 சதுர மீட்டர். விரிப்பு 30 விழுக்காடுதான் கூடும், தண்ணீரும் தோண்டும் மண்ணும் 50 விழுக்காடு கூடும். தண்ணீர் அதிகமாக இருந்தால் வெப்பம் மெதுவாக ஏறும், மீன் நலமாக இருக்கும். எனவே கையில் மிச்சம் இருந்தால் அதைப் பரப்பில் போடுவதைவிட ஆழத்தில் போடுவது நல்லது.

இன்னொன்று: விரிப்பு சுருளாக, குறிப்பிட்ட அகலங்களில் வரும். கடையில் 4 மீட்டர் அகலச் சுருள் இருந்தால் 3.8 மீட்டர் தேவைக்கு அது பொருந்தும். உங்களுக்கு 4.1 மீட்டர் தேவை என்றால் அடுத்த அகலத்துக்குப் போய், வெட்டி எறியும் துண்டுக்கும் பணம் கட்ட நேரும். குளத்தைப் பத்து செ.மீ. குறைத்து வரைவது அதைவிடச் சுலபம். குழி வெட்டிய பிறகு மறுபடி அளந்துவிட்டே வாங்குங்கள். வரைந்தபடி வெட்டிய குழியைக் காண்பது அபூர்வம்.

பொருள் எது என்பதில்தான் விலை பெரிதும் மாறும்.

*ஈபிடிஎம் ரப்பர்:* 1 மி.மீ. கனம் போதும். சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோ என்பதால் நம் விரிப்பு 22 கிலோ; ஒருவர் தூக்கலாம், இருவர் விரிக்கலாம். இழுத்தால் நீளும், குளிரிலும் வெயிலிலும் வளையும் தன்மை குறையாது. 20 ஆண்டு உத்தரவாதத்தோடு விற்கப்படுபவை உண்டு. கூரைக்கென்று செய்த ரப்பரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அதில் மீனுக்கு ஆகாத சேர்மங்கள் இருக்கலாம். குளத்துக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும்.

*பிவிசி:* விலை குறைவு, 0.5 மி.மீ. கனத்தில் பரவலாகக் கிடைக்கும். அதை மென்மையாக வைத்திருக்கும் சேர்மம் வெயிலில் மெல்ல வெளியேறிவிடும். தண்ணீருக்கு மேல் தெரியும் ஓரம்தான் முதலில் விறைத்து வெடிக்கும். ஓரம் முழுவதையும் கல்லால் மூடினால் இதன் ஆயுள் நன்றாகவே நீளும்.

*ஹெச்டிபிஇ:* அடர்த்தியான பாலிஎத்திலீன் தாள். பெரிய பண்ணைக் குட்டைகளுக்கு அருமையானது. ஆனால் விறைப்பானது, சிறு குளத்தின் வளைவுகளில் மடியாது. இணைப்புகளைச் சூடாக்கி ஒட்ட இயந்திரமும் ஆளும் வேண்டும். சிறு குளத்துக்கு இதைப் பரிந்துரைப்பவர் கையில் மிஞ்சிய சுருள் இருக்கிறது என்று பொருள்!

*தார்ப்பாய்:* ஒரு பருவம் சோதித்துப் பார்க்க மட்டும்.

விரிப்பின் மறைமுகச் செலவு அடித்துணி. குழியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லையும் வேரையும் பொறுக்கி எடுத்து, தரையில் 3 முதல் 5 செ.மீ. மணல் பரப்பி, அதன் மேல் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். சுமார் 15 சதுர மீட்டர் ஆகும். செய்தித்தாளோ சாக்கோ போட்டால் மக்கிப்போய், சில ஆண்டில் கல்லும் விரிப்பும் நேருக்கு நேர் உரசும். பக்கத்தில் மூங்கில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். அதன் வேர்முனை விரிப்பைத் துளைக்கும். எலித் தொல்லை உள்ள தோட்டத்திலும் யோசிக்க வேண்டும்.

பழுது என்று வந்தால் விரிப்பை மிஞ்ச எதுவும் இல்லை. பம்பை நிறுத்துங்கள். நீர்மட்டம் இறங்குவது நின்றுவிட்டால் கசிவு அருவியிலோ குழாயிலோ இருக்கிறது, குளத்தில் இல்லை. இறங்கிக்கொண்டே போனால், எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த உயரத்தில் சுற்றிலும் தேடினால் போதும். துளையைத் துடைத்து, பிரைமர் பூசி, ஒட்டுத்துண்டு ஒட்டினால் ஒரு மாலைப்பொழுது வேலை. உண்மையில் "கசிவு" என்று கூப்பிடப்படுபவற்றில் நிறைய, கரை ஒரு பக்கம் மண் இறங்கித் தாழ்ந்து போனதுதான்.

நீர்மட்டம் உயர்ந்த நிலத்தில் மழைக்காலத்தில் விரிப்பு அடியிலிருந்து உப்பி, எருமை முதுகுபோல் தண்ணீருக்கு மேல் தலைகாட்டும். அடியில் ஜல்லி நிரப்பிய வடிகால் ஒன்று வைத்தால் இது தீரும், ஆனால் அது குழி வெட்டும்போதே செய்ய வேண்டிய வேலை.

## சிமென்ட் கட்டுமானம்

நேர்கோட்டு வடிவம், செங்குத்துச் சுவர், உட்கார ஒரு திண்டு வேண்டும் என்றால் கண் இதன் மேல்தான் போகும். பொருள் அளவைப் பார்ப்போம். 10 செ.மீ. தளம், 10 செ.மீ. சுவர் என்றால் கான்கிரீட் ஏறக்குறைய 1.33 கன மீட்டர். 1:2:4 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) 50 கிலோ சிமென்ட் மூட்டை 8 அல்லது 9. உள்பூச்சு 12 சதுர மீட்டர், அதற்கு இன்னும் இரண்டு மூட்டை. 8 மி.மீ. கம்பியை 20 செ.மீ. இடைவெளியில் இரு திசையிலும் கட்டினால் 55 முதல் 60 கிலோ. அடைப்புப் பலகை, நீர்த்தடுப்புப் பூச்சு, கூலி தனி. குழியும் பெரிதாகும்: வெளி அளவு 3.2 × 2.2, அடிக்கலவையோடு 75 செ.மீ. ஆழம் என்றால் 5.3 கன மீட்டர். விரிப்புக் குளத்துக்கு வெட்டியதைப்போல் இரு மடங்கு மண்.

கம்பியைத் தவிர்த்துச் செங்கல் சுவரும் பூச்சுமாக முடித்துவிடலாம் என்ற யோசனை வரும். புதிதாக நிரப்பிய மண்ணிலோ, ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் கரிசல் போன்ற களிமண்ணிலோ அது நிற்காது. தளமும் சுவரும் சேரும் மூலையில்தான் முதல் மயிரிழை விரிசல் வரும். அந்த மூலையைக் கலவையால் வளைவாகப் பூசித் தருவது நல்ல கொத்தனாருக்கு அடையாளம்.

காலத்தையும் செலவில் சேருங்கள். கான்கிரீட் தன் முழுப் பலத்தை எட்ட 28 நாள். முதல் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். அதன் பிறகும் மீன் விட முடியாது. புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும். நிரப்பி, சில நாள் ஊறவைத்து, வடித்து, மறுபடி நிரப்ப வேண்டும். நான்கு முறை செய்தால் 14,400 லிட்டர். பிஎச் அளவு 8.5-க்குக் கீழே நிலைத்து நின்றால்தான் மீன். மீனுக்குப் பாதுகாப்பான எபாக்ஸி பூச்சு அடித்தால் இந்தக் காத்திருப்பு குறையும், செலவு கூடும்.

கசிந்தால்? தண்ணீரை வடித்து, மீனை மாற்றி, விரிசலைக் கொத்தி, பூசி, உலர்த்தி, மறுபடி நீர்த்தடுப்பு. அப்போதும் அடுத்த விரிசல் வராது என்பதற்கு உறுதியில்லை. இங்கே அனுபவமுள்ளவர்கள் கடைசியில் செய்வது, அதே தொட்டிக்குள் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டுவிடுவது. அப்படியானால் ஆரம்பத்திலேயே அதைச் செய்யலாமே! சுவர் வடிவத்துக்கு, விரிப்பு தண்ணீருக்கு. நீர்த்தடுப்புப் பூச்சும், சுண்ணாம்பு வடிக்கும் வேலையும் மிச்சம். தரைக்கு மேல் சுவர் எழுப்புவதானால் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. 60 செ.மீ. தண்ணீர் ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரையும் சுமார் 180 கிலோ விசையோடு வெளியே தள்ளும். 3 மீட்டர்ச் சுவருக்கு 540 கிலோ. ஒரு செங்கல்லின் அகலம் மட்டுமே கனமுள்ள அரைக்கல் சுவர் இதற்குப் போதாது, 23 செ.மீ. சுவர் வேண்டும்.

## பக்கம் பக்கமாக

| | ரெடிமேட் தொட்டி | ஈபிடிஎம் விரிப்பு | சிமென்ட் |
|---|---|---|---|
| ஏற்ற அளவு | 1,000 லிட்டர் வரை | எந்த அளவும் | எந்த அளவும் |
| வேலை நாள் | 1–2 | 2–4 | ஒரு மாதத்துக்கு மேல், நீராற்றல் உட்பட |
| ஆள் கூலி | தேவையில்லாமல் முடிக்கலாம் | குழிக்கு மட்டும் | கொத்தனார் கட்டாயம் |
| மறைந்த செலவு | மணல், ஏற்று கூலி | அடித்துணி, சுருள் வெட்டுச் சேதம் | கூடுதல் மண், தண்ணீர் மாற்றம், மறுபூச்சு |
| பழுது | பொருளைப் பொறுத்தது | எளிது, மலிவு | கடினம், திரும்ப வரும் |
| அகற்றுவது | தோண்டி எடுத்து விற்கலாம் | சுருட்டிவிடலாம் | உடைக்க வேண்டும் |

## யாருக்கு எது?

வாடகை வீடு, சிறிய இடம், நான்கைந்து கப்பி மீனும் ஓர் அல்லியும் போதும் என்பவர்களுக்குத் தொட்டி. பம்ப்கூட வேண்டாம். கொசு முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும் என்பதால் கப்பி கட்டாயம், அது புழுக்களைத் தின்றுவிடும். ஆனால் குளத்து மீனை ஆற்றிலோ ஏரியிலோ ஒருபோதும் கொண்டுபோய் விடாதீர்கள்.

சொந்த நிலம், வளைவான இயற்கையான தோற்றம், செடிகள், தங்கமீன் என்றால் விரிப்பு. இதில் தயங்க எதுவுமில்லை. கோய் வளர்க்கும் ஆசை இருந்தால் மாதிரிக் குளத்தை மறந்துவிடுங்கள். அவை 60 செ.மீ. வரை வளரும் மீன்கள், ஒரு மீட்டருக்கு மேல் ஆழமும் பல ஆயிரம் லிட்டரும் மணிக்கு ஒரு முறை முழுச் சுழற்சியும் கேட்பவை. வடிகட்டி, பாசியைக் கட்டுப்படுத்தும் யுவி (புற ஊதா) விளக்கு, ஆண்டுக்கொரு முறை அதன் பல்பு என்று பட்டியல் நீளும். கோய் குளத்தின் பட்ஜெட் வேறு கட்டுரை.

வீட்டின் கட்டடக் கோட்டோடு ஒட்டிய சதுரக் குளம், தரைக்கு மேல் திண்டு, பக்கத்தில் மரவேர் என்றால் சுவரும் உள்ளே விரிப்பும். சுத்தச் சிமென்ட் தொட்டியை, உறுதியான நிலமும் நம்பகமான கொத்தனாரும் அமைந்தவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

## பணம் குறைந்தால் எதைத் தள்ளிப்போடுவது

செடி, மீன், விளக்கு, அருவி எல்லாம் பிறகு வரலாம். செடிகளை ஒன்றிரண்டாக வாங்கினாலும் அவை பெருகி நீர்ப்பரப்பில் பாதியை மூடிவிடும், அந்த நிழலே பாசியைக் கட்டுப்படுத்தும். வெங்காயத் தாமரையை மட்டும் விலையில்லாமல் கிடைக்கிறதென்று போட்டுவிட்டு, பிறகு வாரந்தோறும் அள்ளிக் கொட்டாதீர்கள். தள்ளிப்போடக் கூடாதவை அடித்துணி, ஆர்சிசிபி, அருவிக்கும் விளக்குக்கும் கரைக்கு அடியில் போகும் வெற்றுக் குழாய். கரைக் கல் பதித்த பிறகு அந்தக் குழாயைப் போட முனைந்தால் பாதிக் கரையைப் பெயர்க்க நேரும்.

கரைக் கல்லைக் கலவை வைத்துப் பதிப்பதற்கு முன் குளத்தை நிரப்பி, மட்டத்தை ஓரிடத்தில் குறித்து, அருவியை ஓட்டாமல் மூன்று நாள் விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரையும் அதே வெயிலில் வைத்து அதிலும் குறியிடுங்கள். வாளியில் இறங்கிய அளவே குளத்திலும் இறங்கியிருந்தால் அது ஆவியானது. குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. ஆள் வைத்துச் செய்கிறீர்கள் என்றால் கடைசித் தவணையை இந்த மூன்று நாளுக்குப் பிறகு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.